நாலு நொடி திறந்திருந்த ஃபைல்

பயப்படுவதில் பூட்டக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. மின்னல் வெட்டினால் பயப்படுவாள்; அது எல்லாரும்தான். மின்னல் வெட்டாவிட்டால், ஏன் இன்னும் வெட்டவில்லை என்று பயப்படுவாள். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்கி, திரும்ப ஏறிப் பூட்டை இழுத்துப் பார்த்து, மறுபடி இறங்கி, அடுப்பை அணைத்தோமா என்று மறுபடி ஏறி, வேலைக்குப் போவதற்குள் தினம் ஒரு சின்ன மலையை ஏறி இறங்கிவிடுவாள். அவள் உடம்பில் சதை பிடிக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வாய்த்த வீட்டுக்காரரோ லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பன்னிரண்டு மாடிக் குழிக்குள் ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு விசில் அடிக்கிற மனிதர். இப்படி ஒருத்திக்கு அப்படி ஒருத்தர். சேர்த்து வைத்தவர்கள் எதை மனசில் வைத்துச் சேர்த்தார்களோ தெரியாது, இருபத்திரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பெண் இவ்வளவு பயப்படுகிறாளே, சட்டம் படித்தால் தைரியம் வரும் என்று அவள் அப்பாதான் சட்டக் கல்லூரியில் சேர்த்துவிட்டார். படித்து முடித்தபோது, அதுவரை கேள்விப்பட்டே இராத எண்ணூறு குற்றங்களின் பெயர் தெரிந்திருந்தது. பயப்பட எண்ணூறு புதுக் காரணங்கள். கோர்ட்டில் போய் நின்றாள். ஜட்ஜ் இருமினால் இவள் மன்னிப்புக் கேட்டாள். எதிர்த் தரப்பு வக்கீலுக்கே பொறுக்கவில்லை. ஒருநாள் எழுந்து, "நீங்க உக்காருங்கம்மா, உங்க பக்கத்து பாயிண்டையும் நானே சொல்லிடறேன்" என்று சொல்லியே விட்டார். சொன்னது மட்டுமில்லை, நன்றாகவும் சொன்னார். இவள் கட்சிக்காரர் ஜெயித்துவிட்டார்.

அதோடு கோர்ட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காகித வேலைக்குச் சேர்ந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளி கையெழுத்துப் போடுகிற தாளெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அங்கேதான் அந்தக் கடலைப் பொட்டலம் வந்து சேர்ந்தது.

ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது வறுத்த கடலை வாங்கினாள். பாதி தின்ற பிறகு பொட்டலத்தில் எழுத்து தெரிந்தது. ஒரு பெண்ணின் பெயர், வயது, வீட்டு விலாசம், அடியில் ரத்தப் பரிசோதனையின் முடிவு. அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் அந்தப் பெண் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாத முடிவு. ஓரத்தில் இவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் முத்திரை.

திரும்பிப் போய்க் கடலைக்காரரிடம், "எல்லாத்தையும் குடுங்க" என்றாள்.

"எல்லாத்தையும்னா?"

"வண்டியில இருக்கிற எல்லாப் பொட்டலத்தையும். மடிக்காம வெச்சிருக்கிற தாளையும்."

"வீட்டுல விசேஷமாம்மா?"

"இல்லண்ணே. ஆஸ்பத்திரி."

கடலைக்காரர் வண்டியிலிருந்ததை மொத்தமாக அள்ளிப் பையில் போட்டார். நாற்பத்து மூன்று பொட்டலம். ஒரு மாசம் அந்த வீட்டில் காலையிலும் கடலை, மாலையிலும் கடலை. லிஃப்ட்காரர் கண்ணாடி முன் நின்று தனக்கு வால் முளைக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பூட்டக்கா நாற்பத்து மூன்று காகிதத்தையும் நீவி விரித்து, ஆஸ்பத்திரியின் பழைய தாள் எந்த வழியாகக் கடலை வண்டிக்குப் போகிறது என்று ஒவ்வொரு வாசலாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக அடைத்தாள். அதுவரை வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த அவள் பயத்துக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை கிடைத்தது.

பிறகு காலம் மாறியது. தாளெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போயிற்று. அறுபது ஆஸ்பத்திரிகளின் நோயாளி ஃபைல்களை வைத்துக் காக்கிற ஒரு மென்பொருள் கம்பெனி இவளைக் கூப்பிட்டுக்கொண்டது. அங்கே இருந்தவர்களெல்லாம், பட்டனைத் தட்டினால் உலகத்தையே கொண்டுவந்து காட்டுகிறோம் என்று மார்தட்டிய ஆட்கள். இவள் போன முதல் நாளே கேட்டாள்: "யாரெல்லாம் பாக்கலாம்? யாரு பாக்கக் கூடாது? பாக்கக் கூடாதவன் பாத்துட்டா நமக்கு எப்படித் தெரியும்?" மூன்றாவது கேள்விக்கு அந்த அறையில் ஒருத்தரிடமும் பதில் இல்லை.

பதினோரு வருஷம் அந்த மூன்றாவது கேள்விக்குத்தான் அவள் வேலை செய்தாள். திரையைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவன் திரும்பி வந்தால், திரை அணைந்திருக்கும், விசைப்பலகையின் மேல் காகிதத்தில் வெட்டிய ஒரு பூட்டு உட்கார்ந்திருக்கும். அப்படி வந்ததுதான் பூட்டக்கா என்கிற பெயர். சட்டப் புத்தகம் போதாதென்று கம்பெனிக்குள் தானே விதிகளையும் எழுதி வைத்தாள். ஒரு ஃபைலைத் திறக்கிற யாராக இருந்தாலும் காரணத்தை எழுதிவிட்டுத்தான் திறக்க வேண்டும். யார் எந்த ஃபைலை எதற்காகத் திறந்தார்கள் என்கிற பட்டியலை வெள்ளிக்கிழமை தோறும் உரக்கப் படிக்க வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது கடைசி விதி. வேலை இல்லாமல் சொந்தக்காரர் ஃபைலைத் திறந்தால், அது யாராக இருந்தாலும் அன்றைக்கே வேலை போய்விடும். யார் பார்த்தது, என்ன பார்த்தது என்று நோயாளிக்கு அன்றைக்கே கடிதம் போய்விடும். கடிதம் போய்ச் சேர்வதற்குள் பார்த்தவர் நோயாளியிடம் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. ஏனென்றால், முந்திக்கொண்டு போய்க் காலில் விழுந்து வாயை அடைத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"மன்னிப்புன்னு ஒரு வரி சேர்க்கலாமே" என்று மேனேஜர் அப்போது கேட்டார். அவருக்கு ஆபீஸில் ஓகே சார் என்று பெயர். எதற்கும் ஓகே சொல்கிறவர். தீ பிடித்துவிட்டது என்று சொன்னாலும் முதலில் ஓகே சொல்லிவிட்டுத்தான் ஓடுவார்.

"மன்னிப்பு கிடைக்கும்னு தெரிஞ்சா எல்லாரும் பாப்பாங்க சார்" என்றாள் பூட்டக்கா. அவரும் ஓகே சொன்னார்.

பதினோராவது வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் போன் செய்தார். தங்கள் வரவேற்பு மேஜையில் இருக்கும் ஆள் தேவையில்லாமல் ஃபைல்களைத் திறந்து பார்க்கிறாரோ என்று சந்தேகம். போன மாதம் அவர் திறந்தது இருநூற்றுப் பதினாலு ஃபைல். பூட்டக்கா பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபைல் நம்பர், திறந்த நேரம், எழுதிய காரணம். இந்த வேலைக்கு அவ்வளவுதான் வேண்டும். பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். பதினோரு வருஷத்தில் அவள் ஒரு பெயரைக்கூடப் பார்க்காமல் இதைச் செய்து வந்திருக்கிறாள்.

அன்றைக்கு அம்புக்குறியை ஒரு நம்பரின் மேல் கொண்டுபோனதும், பக்கத்தில் மஞ்சளாக ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. உள்ளே ஒரு பெயர். நாற்காலியோடு பின்னால் உருண்டாள். முந்தின நாள்தான் மென்பொருளைப் புதுசாக்கியிருந்தார்கள். யாரோ சோதனைக்குப் போட்ட பெட்டியை எடுக்க மறந்திருக்கிறார்கள். அந்த நிமிஷமே கையை எடுத்துக்கொண்டு போனைப் பிடித்திருக்க வேண்டும். விதியை எழுதினவளுக்கு அது தெரியாதா? ஆனால் எல்லா நம்பருக்கும் இப்படி வருகிறதா, இது ஒன்றுக்கு மட்டும்தானா என்று ஒரு பயம். அடுத்த நம்பருக்குப் போனாள். அதற்கும் வந்தது. அதற்கு அடுத்த நம்பரில் அவள் வீட்டுக்காரர் பெயர் இருந்தது.

வேறு ஆளாக இருக்குமோ என்று நினைக்கவும் வழியில்லை. அவர் அப்பா ஆசைப்பட்டு மூன்று தாத்தாக்களின் பெயரையும் சேர்த்து வைத்தவர். அந்தப் பெயர் அடங்குகிற விண்ணப்பப் படிவம் இன்னும் அச்சாகவில்லை. வரவேற்பு மேஜைக்காரர் எழுதிய காரணம்: 'நோயாளி நேரில் வந்தார்'. ஒழுங்கான காரணம்தான். மேஜைக்காரர்மேல் ஒரு தப்பும் இல்லை.

நேரில் வந்தாரா? எப்போது? எதற்கு?

விரல் தட்டிவிட்டது. 'காரணம்?' என்று திரை கேட்டது. கேட்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். அதே விரல் 'விசாரணை' என்று எழுதியது. ஃபைல் திறந்தது.

நரம்புப் பிரிவு. நாலாவது முறை. வலது கை. பரிசோதனை முடிவு வரும் திங்கட்கிழமை. அதன் மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: 'குடும்பத்தாருக்குத் தெரிவிக்க வேண்டாம். நோயாளியின் வேண்டுகோள்.'

மூடிவிட்டாள். மொத்தம் நாலு நொடி. மூடியபிறகுதான் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு முழங்கால். பிறகு பல். அந்த அறையில் நடுங்காமல் இருந்தது மேஜை ஒன்றுதான். அதையும் அவள் பிடித்துக்கொண்டதும் அதுவும் நடுங்கியது.

அவருக்கு என்னவாயிருக்கும் என்பது ஒரு பயம். அதை வைத்துக்கொண்டு அழவாவது செய்யலாம். இன்னொரு பயம் அதைவிடப் பெரிது. வெள்ளிக்கிழமை பட்டியலில் இவள் பெயரும் வரும். எதிரே 'விசாரணை' என்று இருக்கும். விசாரணை செய்கிறவள் விசாரணைக்காகத் திறந்தாள் என்று ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவளாகச் சொன்னால்தான் உண்டு. சொன்னால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. அன்று சாயங்காலமே கம்பெனிக் கடிதம் வீட்டுக்குப் போகும்: நீங்கள் யாருக்குத் தெரியக் கூடாது என்று சொன்னீர்களோ, அவளே உங்களுக்குத் தெரியாமல் எட்டிப் பார்த்துவிட்டாள் என்று. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனிதர் அவளிடமிருந்து மறைத்தது இது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டாள் என்று தெரிந்தபிறகு அவர் அவள் முகத்தைப் பார்ப்பாரா?

அன்று சாயங்காலம் வீட்டில் லிஃப்ட்காரர் டீ குடித்தார். டம்ளர் இடது கையில் இருந்தது. எத்தனை நாளாக இடது கையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தினமும் எதிரில் உட்கார்ந்து நாற்பது கேள்வி கேட்கிறவள். சாப்பிட்டீங்களா, பெல்ட் போட்டீங்களா, கம்பியைப் பிடிச்சீங்களா. அன்றைக்கு ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. கையைப் பற்றிக் கேட்டால், அது கண்ணால் பார்த்துக் கேட்டதா, ஃபைலைப் பார்த்துக் கேட்டதா என்று அவளுக்கே தெரியாது.

"என்ன வக்கீலு, இன்னிக்குக் கேள்வியே காணோம்?" என்றார் அவர். "உடம்பு சரியில்லையா?"

"தலைவலி."

"டாக்டர்கிட்ட போவமா?"

டாக்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கையிலிருந்த தட்டு தரைக்குப் போய்விட்டது. அவர் சிரித்தார். "சரி சரி, போக வேணாம். டாக்டரப் பாத்து இவ்வளவு பயமா." தட்டைக் குனிந்து எடுத்தார். இடது கையால்.

புதன்கிழமை ஓகே சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். தூக்கு மேடைக்குப் போகிறவன்கூட வழியில் நாலு பேரைப் பார்த்துத் தலையாட்டுவான். இவள் யாரையும் பார்க்கவில்லை. அந்த இருபது அடி நடையில் பேசுவதற்கு மூன்று விதமான வாக்குமூலம் தயார் செய்தாள்.

"கதவைச் சாத்துங்கம்மா" என்றார் அவர். சாத்தினாள். "ஒரு சங்கடமான விஷயம். உங்ககிட்ட மட்டும்தான் கேக்க முடியும்."

"கேளுங்க சார்."

"எல்லாரோட பிறந்தநாளையும் ஒரு போர்டுல எழுதி ஹால்ல மாட்டலாம்னு சொல்றாங்க. அது தனிப்பட்ட விவரம் ஆயிடுமா?"

பூட்டக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "வருஷத்தை மட்டும் எழுத வேணாம் சார்."

"ஓகே" என்றார். "நீங்க ஏன் இப்படி வேர்த்திருக்கீங்க?"

வியாழக்கிழமை வேறு விதமாக வந்தது. மென்பொருள் எழுதுகிறவர்களில் மூத்தவர் ஒருத்தர், நாற்பதை நெருங்குகிறவர், தலையில் முடி இல்லாதவர், விரலில் நகமும் இல்லாதவர். இருக்கிற பத்து நகத்தையும் கடித்தே தீர்த்துவிட்டு, அவை வளருகிற வரைக்கும் பென்சிலைக் கடிப்பார். நகக்கடி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர் மெதுவாக வந்து இவள் மேஜைக்கு எதிரில் நின்றார்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம்."

"சொல்லுங்க தம்பி."

"அந்த மஞ்சப் பெட்டி. பேரு வருதுல்ல. அது என் வேலைதான். டெஸ்டுக்குப் போட்டேன், எடுக்க மறந்துட்டேன். நேத்து மத்தியானம்தான் பாத்தேன், எடுத்துட்டேன். இப்ப வராது."

"ரெண்டு நாள் இருந்திருக்கு."

"இருந்திருக்கு. ஆனா அதைப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். நான் செக் பண்ணிட்டேன்." பென்சிலைக் கடித்தார். "அதுல ஒரு ஃபைல நீங்க திறந்திருக்கீங்க. விசாரணைன்னு போட்டிருக்கீங்க."

பூட்டக்கா மேஜைமேலிருந்த பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள்.

"அது சரியாத்தான் இருக்கும்" என்றார் நகக்கடி. "உங்களைப் போய் யாரு சந்தேகப்படுவாங்க? நான் கேக்க வந்தது வேற. இந்தப் பெட்டி விஷயத்தை நாளைக்கு மீட்டிங்ல சொல்லாம விட்டுடுங்கக்கா. சொன்னா என்னை அனுப்பிடுவாங்க. வீட்டுல ரெட்டைக் குழந்தை. ஒண்ணு இப்பத்தான் நடக்குது, இன்னொண்ணு இன்னும் உருண்டுதான் வருது."

அவர் கண்ணில் இருந்த பயத்தை அவளால் நன்றாக அடையாளம் காண முடிந்தது. அவள் வீட்டுக் கண்ணாடியில் இரண்டு நாளாக இருப்பதும் அதுதான். எவ்வளவு சுலபம். அவர் பெட்டியைப் பற்றிப் பேசாமல் இருக்கட்டும். இவள் ஃபைலைப் பற்றிப் பேசாமல் இருக்கட்டும். இரண்டு பேரும் பிழைத்துப் போகலாம். யார் கையும் சுடாது. அவள் தலை தன்னாலே மேலும் கீழும் ஆடியது. நகக்கடி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வந்ததைவிட வேகமாகப் போனார். அந்தத் தலையாட்டல்தான் அவளை பன்னிரண்டு மாடிக் குழிக்குள் தள்ளியதுபோல் இருந்தது. எட்டிப் பார்த்தது நாலு நொடிப் பயம். இதுவோ நின்று யோசித்துச் செய்கிற காரியம். இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்னொருத்தன் பெயரை உரக்கப் படிக்கும்போது இந்தப் பென்சில் கடிக்கிற மனிதர் எதிரில் உட்கார்ந்து இவளையே பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை காலை, பீரோ கண்ணாடி முன் லிஃப்ட்காரர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பூட்டக்கா துண்டு எடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் வலது கை பொத்தானைப் பிடித்தது, துளையைத் தேடியது, தவறவிட்டது. மறுபடி பிடித்தது. மறுபடி தவறவிட்டது. கம்பியில் தொங்கிக்கொண்டு விசில் அடிக்கிற கை. அவர் அந்தக் கையை இடது கையால் ஒரு தட்டு தட்டினார், அடம் பிடிக்கிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. அவள் சத்தமில்லாமல் பின்னுக்கு நகர்ந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைத் தண்ணீருக்குக் கொடுத்தாள். போய்ப் பொத்தானைப் போட்டுவிடலாம். ஆனால், அவர் காட்ட விரும்பாததைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கிறவளாக அவள் ஆகிவிட்டாள்.

பதினோரு மணிக்கு மீட்டிங். நீள மேஜை, ஆறு நாற்காலி, தண்ணீர் பாட்டில். தலைமையில் ஓகே சார், ஒரு பக்கம் தலைமை நர்ஸ், மறு பக்கம் நகக்கடி. பூட்டக்கா நின்றுகொண்டு படிப்பதுதான் வழக்கம். அன்றைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றாள்.

"வரவேற்பு மேஜைக்காரர் திறந்தது இருநூத்திப் பதினாலு" என்று ஆரம்பித்தாள். "எல்லாமே நேர்ல வந்த நோயாளிங்க. அவர்மேல தப்பு இல்ல."

தலைமை நர்ஸ், "அப்பாடா" என்றார். "நல்ல பையன்தான். சும்மா பேரு கெட்டுப் போயிருக்கும்."

"இந்த வாரம் நான் திறந்தது ஒண்ணு." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "காரணம் விசாரணைன்னு இருக்கு. அது பொய்."

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். நகக்கடியின் வாயில் இருந்த பென்சில் நின்றது.

"அது என் வீட்டுக்காரர் ஃபைல். விசாரணைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. நாலு செகண்டு பாத்தேன். மஞ்சப் பெட்டியில பேரு தெரிஞ்சது. அந்தப் பெட்டி தெரியாம விட்டுப்போன தப்பு, எடுத்தாச்சு. அதையும் எழுதிக்கணும். தெரியாம செஞ்சதுக்கு விதியில எச்சரிக்கைதான், வேலை போகாது. பெட்டி யாரையும் ஃபைல திறன்னு சொல்லல. திறந்தது நான்."

ஓகே சார் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், மூடினார். "ஏம்மா, உங்களை யாரு கேட்டா?"

"வேற யாரும் கேக்க முடியாது சார். கேக்கிற வேலை என்னுது."

"ஒரு மாசம் லீவுல போங்க. அப்புறம் பாக்கலாம்."

"விதியில அப்படி இல்லையே."

"விதியை எழுதினது நீங்கதானே, மாத்துங்க."

"இன்னிக்கு மாத்தினா அது எனக்காக மாத்தினதா ஆயிடும் சார்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓகே சார் ஓகே சொல்லவில்லை. தலைமை நர்ஸ்தான் பேசினார். "கடிதம் இன்னிக்கே போகணும். நோயாளிக்கு நாங்க பதில் சொல்லணும்ல." அந்த அம்மாள் நல்லவர்தான். ஆனால் அவர் குரலில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. இருந்திருந்தால் பூட்டக்கா உடைந்து போயிருப்பாள்.

மத்தியானம் மூன்று மணிக்கே ஒரு அட்டைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். உள்ளே ஒரு டம்ளர், இரண்டு சட்டப் புத்தகம், கத்தரிக்கோல். லிஃப்ட்காரர் அன்றைக்கு அரை நாள் வேலைதான். கதவைத் திறந்தவர் பெட்டியைப் பார்த்தார்.

"என்ன, ஆபீஸையே வீட்டுக்குக் கொண்டாந்துட்ட?"

"அஞ்சு மணிக்கு உங்களுக்கு ஒரு லெட்டர் வரும். அதுக்கு முன்னாடி என்கிட்ட எதுவும் கேக்காதீங்க. நான் சொல்லவும் கூடாது."

"டைவர்ஸ் நோட்டீஸா?"

அவள் சிரிக்கவில்லை. அவர் முகத்திலிருந்த சிரிப்பும் மெதுவாக இறங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒரு தடவை எழுந்து போய் ஃபேனைக் கூட்டினார். பிறகு அதையே குறைத்தார். அந்தச் சுவர்க் கடிகாரம் சாதாரணமாக மணிக்கு அறுபது நிமிஷம்தான் ஓடும். அன்றைக்கு ஒவ்வொரு மணிக்கும் அறுநூறு நிமிஷம் ஓடியது.

கூரியர் வந்தார். லிஃப்ட்காரரே கையெழுத்துப் போட்டு வாங்கினார். இடது கையால் போட்டதால் கோணிக்கொண்டு போயிற்று. பிரித்துப் படித்தார். ஒரே பக்கம்தான். திரும்ப முதலிலிருந்து படித்தார். தாள் ஆடிக்கொண்டிருந்தது. அதை மேஜைமேல் வைத்து, வலது கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். கை ஆடுவதும் நிற்கவில்லை.

"நாலு செகண்டுன்னு போட்டிருக்கு" என்றார்.

"ஆமா."

"எதுவரைக்கும் படிச்ச?"

"வீட்டுக்குச் சொல்ல வேணாம்ங்கிற வரி வரைக்கும்."

"அப்ப எல்லாத்தையும் படிச்சிட்ட." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "செவ்வாக்கிழமையிலேருந்து உனக்குத் தெரியும். டீ குடிக்கும்போதும் தெரியும். தலைவலின்னு சொன்ன."

"சொன்னேன்."

"நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல. முடிவு வந்ததும் நானே சொல்லணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு குழிக்குள்ள தொங்கிக்கிட்டு நாலு தடவை சொல்லிப் பாத்தேன். ஒரு தடவை நல்லா வந்துச்சு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அதை நீ எடுத்துக்கிட்ட, வக்கீலு."

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், மன்னிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையையும் அவரிடமிருந்து பிடுங்குவதாக இருக்கும். கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் எழுந்து கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே நடக்கப் போனார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உப்பு இருக்கா, குழாயை மூடு என்கிற அளவுக்குத்தான் அந்த வீட்டில் பேச்சு. விசிலும் இல்லை.

திங்கட்கிழமை காலை அவர் செருப்பு மாட்டிக்கொண்டு கதவருகே நின்றார்.

"வரியா?"

"வரணுமா?"

"வெளிய உக்காரு. உள்ள நான் மட்டும் போறேன்."

நரம்புப் பிரிவு மூன்றாம் மாடியில். வரிசையாக நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் கையை இப்படிக் கழுவுங்கள் என்கிற படம், ஒரு மூடிய கதவு. நர்ஸ் ஒருத்தி நம்பரைக் கூப்பிட்டாள். அவர் எழுந்தார். நர்ஸ் பூட்டக்காவைப் பார்த்து, "நீங்களும் உள்ள வரலாம்மா" என்றாள்.

"அவர்கிட்ட கேளுங்க" என்றாள் பூட்டக்கா.

"இவங்க இங்கயே இருக்கட்டும்" என்றார் அவர். கதவு சாத்திக்கொண்டது.

ஜட்ஜின் இருமலுக்கும், மின்னலுக்கும், அணைத்த அடுப்புக்கும் பயந்தவள், அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்து, இதுவரை பயப்பட்டதெல்லாம் வெறும் ஒத்திகைதான் என்று தெரிந்துகொண்டாள். கதவின் கீழே அரை அங்குல இடைவெளி இருந்தது. பேச்சு சன்னமாகக் கசிந்தது. காதைக் கொடுத்தால் கேட்டுவிடும். அவள் எழுந்து, அந்த வரிசையின் கடைசி நாற்காலிக்கு, ஒன்றும் கேட்காத தூரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இருபது நிமிஷம் கழித்து அவர் வந்தார். முதலில் இருந்த இடத்தில் அவளைக் காணாமல் அங்குமிங்கும் தேடினார். பிறகு கடைசி நாற்காலியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், நடுவிலிருந்த தூரத்தைப் பார்த்தார். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கேட்கவில்லை. நாற்பது கேள்வியும் நாக்கின் நுனியில் வரிசை கட்டி நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை.

"படியிலயே போகலாம்" என்றார் அவர் கடைசியில். "நடந்துக்கிட்டே சொல்றேன்."

அவள் எழுந்தாள். படிக்கு வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவரும் பிடித்துக்கொண்டார். மூன்று மாடி இறங்குவதற்குள் அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் இரண்டு இடத்தில் நின்றாள், ஒரு இடத்தில் அவர் நின்றார். என்ன சொன்னார் என்று மட்டும் இங்கே எழுத முடியாது. அது அவருடைய ஃபைல். அவர் அதைச் சொன்னது அவளிடம்.